ஏற்றப்பாட்டை நிறுத்தச் சொல்லும் வாத்தியாருக்கு

கவனக்குறைபாடு பற்றிச் சென்ற இதழில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையைக் கணியூரில் ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவைத்தார்கள். எனக்கு அந்தக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இருப்பதும், காதில் பாட்டு ஓடாமல் நான் கணக்கு எழுத உட்காரமாட்டேன் என்பதும் ஊரறிந்த விஷயம். உனக்கென்றே எழுதியிருக்கிறார் போலிருக்கிறது என்று சிரிப்பு வேறு. (சுங்கச்சாவடி இருக்கிற கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கணியூர் வேறு. இது மடத்துக்குளம் வட்டத்துக் கணியூர். அமராவதிப் பாசனம், நெல், தென்னை. ஆனாலும் விடிந்தால் பனியன் கம்பெனி வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஊர்.)

ஐயாவின் வாதத்தைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.எச்.டி. என்று ஒன்று கிடையாது. அமெரிக்க மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட சாக்கு. அதைக் கண்டுபிடித்தவரே மரணப்படுக்கையில் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார். செல்போனும் ஹெட்செட்டும் வந்த பிறகே பிள்ளைகள் கெட்டார்கள். பாட்டுக் கேட்டபடி படிப்பது படிப்பில் சேர்த்தி இல்லை. ஆகவே ஹெட்செட்டைப் பிடுங்குங்கள், விடியக்காலை 4 மணிக்கு எழுப்புங்கள், சத்தமில்லாத அறையில் சுவரைப் பார்த்து உட்காரவையுங்கள், எல்லாம் சரியாகிவிடும். இத்தனைக்கும் அவர் காட்டும் ஆதாரம் ஒன்றுதான்: தன் நெடுங்கால வகுப்பறை அனுபவம். அந்த அனுபவத்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

முதலில் மரணப்படுக்கை. ஐயா பெயர் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியில் பெயர் வெட்டுப்பட்டிருக்கலாம். அவர் லியோன் ஐசன்பர்க், அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர், 2009 செப்டம்பரில் காலமானவர். ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' வார இதழ் 2012இல் வெளியிட்ட கட்டுரையில் அவருடைய கடைசிப் பேட்டியிலிருந்து, இணையம் ஒப்புதலாகக் காட்டும் அந்த ஒரு வாக்கியம் வந்தது. அந்தப் பேட்டி அவர் இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு கொடுத்தது. ஏழு மாதத்தைச் சுருக்கி, ஆளைக் கட்டிலில் கிடத்தி, வாயில் பாவமன்னிப்பையும் திணித்தது இணையம். பேட்டியில் அவர் ஆதங்கப்பட்டது வேறு விஷயத்துக்கு: குடும்பத்தில் என்ன பிரச்சினை என்று விசாரிக்க நேரம் பிடிக்கும், மாத்திரை எழுத நேரம் பிடிக்காது, மருத்துவர்கள் சுலபமானதைச் செய்கிறார்கள், மரபணுவின் பங்கை ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பது அவர் குறை. அதில் கால்வாசியை நானே ஒப்புக்கொள்வேன்.

அடுத்து, கண்டுபிடித்தவராம். ஐசன்பர்க் பிறந்தது 1922இல். அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1902இல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரைகள் நிகழ்த்தி, அவை 'லான்செட்' இதழில் அச்சாகிவிட்டன. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன், 1798இல், அலெக்சாண்டர் கிரிக்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எதிலும் கவனம் நிலைக்காத தன்மையை நோய்க்குறியாகவே எழுதிவைத்தார். ஐசன்பர்க் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கீத் கானர்ஸ் என்பவரோடு சேர்ந்து, மெத்தில்ஃபெனிடேட் மருந்து பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டவர் அவர். இல்லாத நோய்க்கு அவரே மருந்து சோதித்தார் என்று ஐயா சொல்லவருகிறாரா?

அமெரிக்காவில் மிகையாக முத்திரை குத்துகிறார்கள் என்ற சண்டை உண்மையிலேயே நடக்கிறது. அங்கே 3 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 11.4 சதவீதம், ஏறக்குறைய 70 லட்சம் பேருக்கு, எப்போதாவது இந்தப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது என்பது 2022ஆம் ஆண்டுக் கணக்கு. அந்த நாட்டில் அந்தக் கவலைக்கு நியாயம் இருக்கலாம். பெயரே சொல்லப்படாத பிள்ளைகள் நிறைந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, முத்திரை அதிகமாகிவிட்டது என்று புலம்புவதற்கு என்ன நியாயம்? ஏ.டி.எச்.டி.யை மேல்நாட்டு இறக்குமதி என்று திட்டுகிறவர், அதை மறுக்கும் வாதத்தை மட்டும் அங்கிருந்தே கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

மருந்துக் கம்பெனிச் சதி என்பதையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. சீட்டோடு போனாலும் சின்ன ஊர் மருந்துக் கடைகள் பலவற்றில் கிடைக்காது. உலகை ஏமாற்றும் சதிகாரர்கள் எங்கள் பக்கத்து உடுமலைக்குச் சரக்கு அனுப்ப மட்டும் மறந்துபோனார்கள்.

செல்போன்தான் காரணம் என்பவருக்கு 1840களில் வந்த படப்புத்தகம் ஒன்று இருக்கிறது. ஃபிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் தன் மகனுக்காகச் செய்தது. அதில் வரும் ஃபிலிப் என்ற பையன் சாப்பாட்டு மேசையில் அடங்கி உட்காராமல் நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசைவிரிப்போடு தட்டெல்லாம் தன்மேல் விழக் கவிழ்வான். அவன் கையில் என்ன மாடல் போன் இருந்தது என்று ஐயா விசாரித்துச் சொல்லட்டும். இரட்டையர்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், இந்த விஷயத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் மரபுவழி வருகிறது என்று காட்டியுள்ளன. உயரத்தில் அப்பனைப் போல் மகன் என்பதை ஏற்கும் ஊர், மறதியில் மட்டும் வளர்ப்பைக் குறை சொல்லும்.

இனி, வசதியான வீட்டுச் சாக்கு. கட்டுரையில் எனக்கு உண்மையாகக் கோபம் வந்த இடம் இதுதான்.

கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில், 6 முதல் 11 வயதுக்குட்பட்ட 770 பிள்ளைகளை வெங்கடா, பணிக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆய்வு 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏ.டி.எச்.டி. அறிகுறி கண்டவர்கள் 11.32 சதவீதம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்பிள்ளைகள். நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளில் இது 6.84 சதவீதம், கீழ்நிலை வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளில் 16.33 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் எடுத்த கணக்கில்லை இது. திருப்பூர் மாவட்டம் 2009இல் பிறக்கும்வரை மடத்துக்குளமும் கோவை மாவட்டம்தான்.

எனக்குச் சாதகமான எண் என்பதற்காக ஊதமாட்டேன். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய வினாத்தாளை வைத்து வந்த கணக்கு அது. மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் எண் இறங்கியிருக்கக்கூடும். உலக அளவில் பிள்ளைகளிடம் சுமார் 6 சதவீதம், பெரியவர்களிடம் 2.5 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆனால் ஐயாவின் வாதம் நிற்க வேண்டுமானால் வசதி ஏற ஏற எண் ஏற வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. அந்த வினாத்தாளை வடிவமைத்தவர் யார் தெரியுமா? ஐசன்பர்க்கின் கூட்டாளி என்று மேலே சொன்னேனே, அதே கானர்ஸ்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கோவையில் மருத்துவர், தனிப்பயிற்சி, பொறுமையான பள்ளி எல்லாம் உண்டு. வசதியில்லாத பிள்ளைக்கு எங்கள் பக்கம் கிடைக்கிற பெயர்கள்: வாலு, மந்தம், பொறுப்பில்லாதது. பத்தாவதில் தவறுகிறான். ரெண்டு வருஷம் அங்கே இங்கே சுற்றுகிறான். பிறகு வேன் ஏறுகிறான், பனியன் கம்பெனியில் கைமடி வேலை. ஓவர்லாக் டெய்லருக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை அவன் காலுக்கு ஒத்துப்போகிறது, ஓடிக்கொண்டே இருக்கலாம். டெய்லராக உட்காரவைத்தால் சைஸ் மாறிப்போகிறது, கட்டு மாறிப்போகிறது, டேமேஜ் ஆகிறது, சனிக்கிழமை சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கம்பெனி மாறுகிறான். மறுபடி மாறுகிறான். சோம்பேறி என்று சொல்லவும் முடியாது, அவன் அளவுக்கு ஓடுகிற ஆள் அந்த செட்டில் கிடையாது. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த ஓட்டம்கூட இல்லாமல் போகலாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொந்தரவு தராதவளை யாரும் கவனிப்பதில்லை. என்னையும் அப்படித்தான் விட்டார்கள். இவர்களுக்குச் சாக்கு ஒன்று கிடைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எல்லோருக்கும்தான் மறதி இருக்கிறது என்று ஐயா ஒரு வரி போகிறபோக்கில் தட்டிவிட்டுப் போகிறார். எல்லோருக்கும்தான் சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது. எவ்வளவு என்பதே கேள்வி. மருத்துவ வரையறைப்படி பிள்ளைகளுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஆறு, 17 வயது முதல் ஐந்து. ஆறு மாதம் விடாமல் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று இரண்டு இடத்திலாவது வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். சாவியை எங்கோ வைத்து மறந்த பேராசிரியரெல்லாம் இதில் சேரமாட்டார்.

பாட்டுக்கு வருகிறேன்.

பாட்டு கவனத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. ஐயா அதைத் தேடவே இல்லை. பாவம், அவருக்காக நானே எடுத்துத் தருகிறேன். சலாமே, பேட்லி என்ற இருவர் 1989இல் வெளியிட்ட சோதனையில், மனதில் வரிசையாக எண்களை நிறுத்திவைக்கும்போது பின்னணியில் பாட்டு ஓடினால் நினைவு குலைந்தது. வார்த்தையுள்ள பாட்டு அதிகம் குலைத்தது, வெறும் வாத்தியம் குறைவாகக் குலைத்தது. வழக்கமான மூளைக்கு ஐயா சொல்வது பெரும்பாலும் சரி.

அந்த மூளையைப் பற்றியா இப்போது பேச்சு? 1996இல் ஹோவர்ட் அபிகாஃப் குழுவினர் ஏ.டி.எச்.டி. உள்ள 20 பையன்களையும் இல்லாத 20 பையன்களையும் கணக்குப் போடவைத்தார்கள். ஒரு முறை அவர்களுக்குப் பிடித்த பாட்டோடு, ஒரு முறை பின்னணியில் பேச்சோடு, ஒரு முறை அமைதியில். மற்ற பையன்களுக்கு எதிலும் வித்தியாசம் இல்லை. ஏ.டி.எச்.டி. பையன்கள் பாட்டோடு போட்டபோது சரியாகப் போட்ட கணக்குகள் கூடின. 2007இல் ஸ்வீடனின் சொடர்லுண்ட் குழு, பாட்டுகூட வேண்டாம், வெறும் இரைச்சல் போதும் என்று காட்டியது. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வரும் அந்தச் 'சோ'வென்ற சத்தம். அதை ஓடவிட்டால் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் நினைவாற்றல் கூடியது, மற்றப் பிள்ளைகளுடையது சரிந்தது. இப்படிப்பட்ட இரைச்சல் ஆய்வுகள் 13ஐ, ஏ.டி.எச்.டி. பக்கம் 335 பேரை, ஜோயல் நிக் குழு 2024இல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சிறிய ஆதாயம், விளைவு அளவுகோலில் 0.25. இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு நஷ்டம், 0.21. ஒரே சத்தம் ஒருவரைத் தூக்கிவிட்டு அடுத்தவரைத் தள்ளிவிடுகிறது. வகுப்பறையில் முதல் வரிசைப் பிள்ளைக்கு எது உதவியதோ அதையே கடைசி வரிசைக்கும் மருந்தாகக் கொடுத்த ஆசிரியருக்கு இது புரிவது கொஞ்சம் கடினம்தான்.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் சுருக்கமாக இது: இந்த மூளையில் டோபமின் ஓட்டம் சீராக இல்லாததால், தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ள அது வெளியிலிருந்து தூண்டலைத் தேடுகிறது. கொடுத்தால் அமரும். கொடுக்காவிட்டால் தானே தேடிக்கொள்ளும். ஐயா சிபாரிசு செய்யும் அந்தச் சத்தமில்லாத அறையில் எனக்கு என்னென்ன கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. டியூப்லைட் ரீங்காரம். பக்கத்துத் தோப்பில் மட்டை விழுந்தது. அடுப்பில் பால் வைத்தேனா? போன வாரம் ஒருத்தி சொன்ன சொல்லுக்கு அன்றைக்கே என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? பில் புத்தகத்தின் அட்டையில் என்ன படம்? எழுந்தாயிற்று. பில் அங்கேயே கிடக்கிறது.

நான் பார்ப்பது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்களுக்கு ஜாப்வொர்க் பில் கணக்கும் ஜி.எஸ்.டி.யும். மாதம் 11ஆம் தேதிக்குள் ஒரு வரிப் படிவம், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று போக வேண்டும். தவறினால் அபராதம் என் மறதியைப் பார்த்து இரங்காது. பில் பதிவுக்குப் பழைய பாட்டு, வார்த்தையோடு. நூறு முறை கேட்டிருக்க வேண்டும், அடுத்த வரி என்ன என்ற ஆவலே எழக் கூடாது. புதுப்பாட்டு என் எதிரி. அது வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னைக் கேட்கச் சொல்லும். வரித்துறை நோட்டீஸைப் படித்துப் பதில் எழுதும்போது வார்த்தையே ஆகாது. அப்போது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்', இல்லாவிட்டால் நாதஸ்வரம். வானொலி வேண்டாம். கோடை பண்பலை எனக்குப் பிடிக்கும், ஆனால் நடுவில் ஆள் பேசிவிட்டால் நான் அவரோடு போய்விடுவேன். பாட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நேரம் போவதே தெரியாத எனக்கு அது கடிகாரம். வரிசை முடிந்தால் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும், முடியும்வரை எழக் கூடாது.

இதையெல்லாம் சொல்வதால் நான் பாட்டு வியாபாரிகளின் கட்சி என்று ஐயா எண்ணிவிட வேண்டாம். யூடியூபில் இத்தனை ஹெர்ட்ஸ், அத்தனை ஹெர்ட்ஸ் என்று தலைப்புப் போட்டு, மூன்றே மணி நேரத்தில் மூளை மாறும் என்று விற்கிறார்கள். ஐயாவின் நாலு மணி வைத்தியத்துக்கும் அதற்கும் ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. பாட்டு குணப்படுத்தாது. இரைச்சலின் ஆதாயம் 0.25 என்று சொன்னேன். பிள்ளைகளிடம் மெத்தில்ஃபெனிடேட்டின் விளைவை 2018இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு 0.78 என்று கணித்தது. இரண்டும் அளந்த பொருள் ஒன்றல்ல, ஆனாலும் எது சுத்தியல், எது ஆணி என்று தெரிந்துகொள்ளப் போதும். பாட்டு சிலருக்கு உதவாது. 2011இல் வந்த இன்னோர் ஆய்வில் சில பையன்களுக்கு அது கூடுதல், சிலருக்கு இடையூறு. அப்படியானால் தறிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்களேன் என்று கிண்டல் வரும், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், அது காதைத் தின்னும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஓடும் மெஷின் முன்னால் இரண்டு காதிலும் ஹெட்செட் மாட்டுவதும் மடத்தனம்.

கம்பெனியில் அதற்குத் தேவையும் இல்லை. திருப்பூரில் செக்கிங், அயர்ன் செக்‌ஷனுக்குள் நுழைந்து பாருங்கள், மேலே ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி தர்மத்துக்கா போட்டிருக்கிறார்? பிரிட்டனில் வயட், லாங்டன் என்ற இருவர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதன் சலிப்பைப் பற்றி 1937இல் தந்த அரசு அறிக்கை, பாட்டு போட்டால் உற்பத்தி கூடுகிறது என்றது. போர் நடுவே, 1940 ஜூன் 23 அன்று, பி.பி.சி. தொழிற்சாலைகளுக்கென்றே நாளுக்கு இரண்டு முறை பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. 1967 வரை ஓடியது. குண்டு விழுகிற நாட்டில் பாட்டை நிறுத்து, ஒழுக்கம் கெடும் என்று யாரும் சொல்லவில்லை.

பிரிட்டன் எதற்கு? மின்மோட்டார் வருவதற்கு முன் எங்கள் அமராவதிக் கரையில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடாமலா இறைத்தார்கள்? எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையே பாட்டுக்குள்தான் ஓடும். பாட்டு நின்றால் கணக்குப் போயிற்று. நடவுக்குப் பாட்டு, சுண்ணாம்பு இடிக்கப் பாட்டு, நெல் குத்த வள்ளைப்பாட்டு. கையை ஒரே வேலையில் நிறுத்த வாயையும் காதையும் துணைக்கு அழைக்கலாம் என்று கண்டவர்கள் நம் ஆட்கள். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று பழமொழியே உண்டு; ஐயா ஒன்று பாடிப் பார்த்திருக்கிறார், சுருதி சேரவில்லை. நம் முன்னோர் மௌனத்தில் அமர்ந்து வேலை செய்தார்கள் என்று எழுதுகிறாரே, எந்த முன்னோர்? திண்ணையில் இருந்தவர்களா, வயலில் நின்றவர்களா?

விடியக்காலை 4 மணிக்கும் ஒரு வார்த்தை. இந்தக் குறைபாடு உள்ள பலருக்கு உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பன்னிரண்டுக்குக் கண் மூடிய பிள்ளையை நாலுக்கு உலுக்கி எழுப்பினால் மிச்சமிருக்கிற கவனமும் போய்விடும். தூக்கமில்லாத பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு அது படிப்பது போலத் தெரியலாம்.

கடைசியாக அந்த வகுப்பறை அனுபவம். ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி என்று இரண்டு பக்கமும் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பள்ளிப் பக்கத்து வினாத்தாளை நிரப்ப வேண்டியவர் ஆசிரியர். மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற பிள்ளைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு தேட வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லியே இருக்கிறது. அந்தக் குழு வகுப்புக்கு வந்து, இங்கே யாராவது அப்படி உண்டா சார் என்று கேட்டபோது, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர் எந்தப் பிள்ளையைக் கைகாட்டியிருப்பார்? இத்தனை காலத்தில் தன் வகுப்பில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை என்று ஐயா எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கும். அதைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறார். கடைசி வரிசையில் இருந்து எழுந்துபோய் வேன் ஏறியவர்களைக் கேட்டால் அதே சாட்சியை வேறு விதமாகச் சொல்வார்கள்.